பதினோரு குச்சிகள்

அடக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடுப்போடு வில்மா எட்டாவது குச்சியைப் பிடுங்கினாள். தலையில் ஆரஞ்சு நாடா கட்டிய குச்சி. பக்கத்துப் பண்ணை விலைபோய்க் கைமாறியபோது, நிலம் அளக்க வந்தவர்கள் இப்படித்தான் நட்டிருந்தார்கள்.

ஏப்ரல் முழுக்க நீலமாகக் கிடந்த மேய்ச்சல் காடு அது. மே பிறந்ததும் பூவெல்லாம் உதிர்ந்து, புளூபானெட் என்ற அந்த நீலப்பூச் செடிகள் ஒரே சாயலில் காய் பிடித்து நின்றன.

முந்தாநாள், அப்பா எமில் கண்ணை மூடுவதற்கு ஒரு மணி முன்னால், தம்பி லீலண்ட் உள்ளே இருக்க, இவள் கதவுக்கு வெளியே நின்று காதில் வாங்கியிருந்தாள்.

"பதினோரு குச்சியும் நிக்குதாடா?"

"நிக்குதுப்பா."

"அக்காகிட்ட..."

"மூச்சு விடல. நீங்க தூங்குங்க."

நிலத்தை விற்கத்தான் அளக்கிறார்கள் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

அவள் பதினொன்றையும் பிடுங்கி முடித்த பின், குன்றின் மேல், அம்மாவின் பக்கத்திலேயே அப்பாவையும் வைத்துவிட்டு வந்தார்கள். சர்ச் பெண்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட் முன்னால் தம்பியைப் பிடித்தாள்.

"எவன்கிட்ட பேசி முடிச்ச?"

"என்னத்த?"

"நடிக்காதடா. போட்ட மண்ணு இன்னும் காயல. குச்சி நட்டு அளந்திருக்கியே, எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

லீலண்ட் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அது வெள்ளப்பூக்கா."

"எது?"

"நீலத்துக்கு நடுவுல பதினோரு செடி வெள்ளையா பூத்துச்சு. பூ கொட்டிட்டா எதுன்னு தெரியாதே. அப்பா வண்டியில உக்காந்தபடியே கையக் காட்ட, நான் நட்டேன். காய் முத்தினதும் வெதைய எடுத்து அம்மா தலமாட்டுல தூவணுமாம். அம்மா கல்யாணத்துல வெள்ளப்பூதான் வச்சிருந்தாளாம்."

"என்கிட்ட சொன்னா என்னவாம்?"

"நீ சர்ச்சுல சொல்லுவ. படம் புடிக்கிறேன்னு கார் காரா வந்து மிதிப்பானுங்க. அதான் அவருக்கு பயம்." கரண்டியை மறுபடி எடுத்தான். "பத்து நாள்ல எல்லாக் காயும் வெடிச்சு வெத செதறிரும். அதுக்குள்ள எடுத்தாகணும்."

வில்மா சாலட் பாத்திரத்தை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

வெயில் சாயும்போது, கார் டிக்கியில் ஒளித்திருந்த குச்சிகளை அள்ளிக்கொண்டு காட்டில் மண்டியிட்டாள். குச்சி இருந்த குழிகளைக் கையால் துழாவினாள். மாடுகள் நடந்து நடந்து குழியெல்லாம் தூர்ந்து போயிருந்தது; சுற்றிலும் செடிகள் ஒன்றுபோலவே நின்றன.

பின்னால் பூட்ஸ் சத்தம் வந்து நின்றது.

"கையில எத்தன இருக்கு?"

"பதினொண்ணு."

 லீலண்ட் கையை நீட்டி ஐந்தை வாங்கிக்கொண்டு, வேலியோரம் போய் அவனும் மண்டியிட்டான்.

எங்கோ முதல் காய் 'பட்'டென்று வெடித்தது. இருவரும் தலையை நிமிர்த்தினார்கள்.