ஆறாம் காம்பராச் சுவர்

வட்டமலைத் தேயிலைத் தோட்டத்தில் பேக்டரி லயத்துக்கு மட்டும்தான் கரண்டு வந்திருந்தது. கொட்டகலையிலிருந்து மூன்று மைல் ஏறினால் வருகிற அந்தத் தோட்டத்தில் மற்ற லயத்துக்காரர்கள் எல்லாம் மண்ணெண்ணெய் விளக்கில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்தப் பன்னிரண்டு ஒற்றை அறைக் காம்பராக்காரர்களுக்கு மட்டும் வீட்டுக்கு ஒரு பல்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு, பேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா உள்ளே சுவிட்சைப் போடுவார். லயம் முழுக்க ஒரே நேரத்தில் பளிச்சென்று வெளிச்சம் விழும். ஒன்பது மணிக்கு அவரே அணைப்பார். அந்த மூன்று மணி நேர வெளிச்சத்துக்காகப் பேக்டரி லயத்து ஜனங்கள் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் நடந்தார்கள்.

ஆறாம் காம்பரா வேலாயிக்குத் தலைக்கனத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை துரையும் தோட்டத்து டாக்டர் ஐயாவும் லயம் லயமாக வந்து சுத்தம் பார்ப்பார்கள். முதலாவதாக வருகிற காம்பராவுக்கு ஒரு கம்பளி பரிசு. வேலாயி இரண்டு வருஷம் தொடர்ந்து வாங்கியிருந்தாள். சுவரில் அடுப்புக்கரி பட்டால் அவளுக்குத் தன் உடம்பில் பட்ட மாதிரி. அவள் புருஷன் ஆண்டியப்பன் பேக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிறவன். காலைக் கழுவாமல் அவன் வீட்டுக்குள் வந்ததே கிடையாது. வர முடியாது என்பதுதான் சரி.

அந்தச் சுவர்தான் ஐப்பசி மழையில் அவளுடைய மகளை அடித்தது.

பின்சுவருக்கு மேலே கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை போட்டு, அதன் வழியாகத்தான் கம்பியை உள்ளே இழுத்திருந்தார்கள். தகரத்தின் விளிம்பு தேய்த்துத் தேய்த்துக் கம்பியின் தோலை உரித்துவிட்டது. மழை வந்தால் தகரம் ஒழுகும், சுவர் ஊறும். அன்று சாயங்காலம் சுவரில் சாய்ந்துகொண்டு கஞ்சி குடித்த ஐந்து வயசுச் சண்முகவடிவு தட்டோடு தூக்கி எறியப்பட்டாள். பிழைத்தது அவளுடைய ஆயுசு கெட்டி என்பதால். வேறு யாருடைய தயவாலும் இல்லை. கம்பி வந்த வழியில் சுவரில் இரண்டு சாண் நீளத்துக்கு ஒரு கருகிய கோடு நின்றது.

ஆண்டியப்பன் பேக்டரி வாசலில் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, செவுத்துல கரண்டு அடிக்குதுங்க. புள்ள செத்துப் பொழைச்சிருக்குங்க."

டீமேக்கர் கெட்ட மனுஷன் இல்லை. பேக்டரியில் பழுது பார்க்கிற சிங்கள பாஸை அனுப்பினார். பாஸ் ஏணி வைத்து ஏறி, தகரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினான். கம்பி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த கறுப்பு டேப்பை ஓட்டைக்குள் எட்டினவரைக்கும் சுற்றிவிட்டு இறங்கினான். அடுத்த மழைக்கு டேப் நனைந்து உரிந்தது. ஆண்டியப்பன் மறுபடியும் போய் நின்றபோது டீமேக்கருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்டா, இது ஒனக்கு வாடகை வீடா? டவுன்ல வாடகைக்கு இருக்கிறவன் வீட்டுக்காரன்கிட்ட சண்டை புடிக்கலாம். ஒனக்குத் தோட்டம் சும்மா குடுத்த காம்பரா. கரண்டும் சும்மா. தொரைகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கேக்க?"

சும்மாவாம். ஆண்டியப்பனின் அப்பன் இந்த மலையில் செத்தான், ஆத்தாள் இந்த மலையில் செத்தாள். வேலைக்குப் பெயர் இருக்கிறவரைக்கும் காம்பரா, பெயரை வெட்டினால் அன்றைக்கே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அதற்குப் பெயர் சும்மா கொடுத்தது.

வேலாயி சும்மா இருக்கவில்லை. ஆனி மழைக்கு முன்னால் அந்தக் கம்பியை மாற்றியாக வேண்டும் என்பது அவளுக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. கொழுந்து கிள்ளும்போது அதே நினைப்பு, சோறாக்கும்போது அதே நினைப்பு. மகளின் பாயைச் சுவரை விட்டு நடு வீட்டுக்கு இழுத்துப் போட்டாள். துணி போடுகிற கொடிக்கம்பியை அவிழ்த்துவிட்டுக் கயிறு கட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிற்சங்கத்துத் தலைவர் சின்னராசாவின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, நீங்க கொழும்புக்கு எழுதாம நான் எந்திரிக்க மாட்டேன்."

சின்னராசா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். எழுதப் படிக்கத் தெரிந்த, எதற்கும் பயப்படாத மனுஷன். கருகிய கோட்டைத் தானே வந்து பார்த்து, அதன் நீளத்தைச் சாணால் அளந்து மனுவில் எழுதினார்.

"தங்கச்சி, நம்ம வாய்ச்சொல்லு அவங்க காதுல ஏறாது. ஆனா இந்தக் கருக்க எந்த ஆபீசரு பாத்தாலும் புரிஞ்சுக்குவாரு" என்றார்.

கார்த்திகையில் போன மனுவுக்குச் சித்திரையில் பதில் வந்தது. சித்திரை கடைசி வாரம் புதன்கிழமை மின்சாரப் பரிசோதனை அதிகாரி ஒருவர் நேரில் வந்து லயத்தைப் பார்ப்பார் என்று அதில் இருந்தது. சின்னராசா அதை வாசித்துக் காட்டியபோது வேலாயி அழுதுவிட்டாள்.

திங்கட்கிழமை கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்தார். பெரிய ஆபீசர் வருகிறார், வாசல் கூட்டி, சாணி மெழுகி, வெள்ளையடித்து வைக்க வேண்டும், சுண்ணாம்பு ஸ்டோரில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். யார் வந்தாலும் அந்தத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். டாக்டர் வந்தாலும் வெள்ளை, கம்பெனித் துரை வந்தாலும் வெள்ளை. வருகிறவருக்கு அழுக்குக் காம்பராவைக் காட்டினால் அந்த வீட்டுப் பொம்பளையின் மானம் போய்விடும். அழுக்கு லயம் என்று துரை ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் வருஷம் முழுக்க அதே பேச்சுத்தான்.

செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து இறங்கினதும் வேலாயி முந்தானையை இழுத்துச் செருகினாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனுஷர், அவள் கேட்டதற்காக, அவள் வீட்டைப் பார்க்க வருகிறார். தீபாவளிக்குக்கூட அவள் அப்படி வெள்ளையடித்ததில்லை. ஆண்டியப்பன் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"இந்தாருக்கு பாரு புள்ள, இங்கன கறுப்பா தெரியுது."

"தெரியட்டும். இன்னொரு பூச்சு பூசினா மறைஞ்சுட்டுப் போவுது."

முதல் பூச்சில் கோடு சாம்பல் நிறமானது. இரண்டாவதில் மங்கினது. மூன்றாவது பூச்சைக் கம்பியின் மேலேயே இழுத்து, உரிந்த டேப்பையும் சேர்த்து மூடினாள். ஆறு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம் வேறு. பல்பு எரிந்தபோது ஒரு பொட்டு கரி இல்லாமல் சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது. புருஷனும் பெஞ்சாதியும் தள்ளி நின்று பார்த்து ரசித்தார்கள். இரண்டு பேரில் ஒருவருக்காவது அது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

புதன்கிழமை ஒருத்தரும் லயத்தில் தங்கக்கூடாது, எல்லாரும் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வர வேண்டும் என்று உத்தரவு. சின்னராசாவை மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிவிசனுக்குக் கவ்வாத்துக்கு அனுப்பினார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஆள் குறைகிறது என்றார் கணக்கப்பிள்ளை. பத்து மணி வாக்கில் ஒரு ஜீப் பேக்டரி வளைவில் திரும்புவது பதினெட்டாம் நம்பர் மலையிலிருந்து வேலாயிக்குத் தெரிந்தது. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒன் ஆபீசரு வந்துட்டாருடி" என்று பக்கத்து நிரையிலிருந்து பேச்சியம்மா கேலி செய்தாள். அவள் ஏழாம் காம்பராக்காரி.

"எனக்கு மட்டுமா வந்தாரு? ஒன் வூட்டுக் கம்பியும்தான் மாத்துவாங்க" என்றாள் வேலாயி. அன்றைக்கு அவள் கூடையில் வழக்கத்தைவிடக் கொழுந்து அதிகம்.

சாயங்காலம் நிறுவையிடத்தில் டீமேக்கரே அவளைக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"வேலாயி, ஆபீசரு மொதல்ல ஒன் காம்பராவுக்குத்தான் வந்தாரு. எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்கன்னு ஆச்சரியப்பட்டுப் போனாரு."

"கம்பிய எப்ப மாத்துவாங்களாம் ஐயா?"

"எதுக்கு மாத்தணும்? செவரு காஞ்சிருக்கு, எரிஞ்ச அடையாளம் எங்கேயும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாருல்ல. மனுவுல ரெண்டு சாண் கருக்குன்னு போட்டிருக்கு, எங்கேன்னு தேடித் தேடிப் பாத்தாரு மனுஷன்."

 வேலாயி கூடையை நிறுவையிடத்திலேயே போட்டுவிட்டு ஓடினாள். வீட்டுக்குள் போய் அரிவாள்மணையைத் தூக்கிச் சுவரைச் சுரண்டினாள். காய்ந்த சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே அந்தக் கருகிய கோடு அப்படியே பத்திரமாக இருந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜீப் அதற்குள் கொழும்புப் பாதையில் ஹட்டனைத் தாண்டியிருக்கும்.

இருட்டுகிற நேரத்தில் வந்த சின்னராசா அந்தச் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"என்ன தங்கச்சி இப்படிப் பண்ணிட்டே" என்று மட்டும் கேட்டார். அவள் சுரண்டி எடுத்த இடத்தை மறுபடியும் அளந்து, இன்னொரு மனு எழுதினார்.

மனு போய்ச் சேருவதற்கும் மழை வருவதற்கும் சரியாக இருந்தது. ஆனி பிறந்ததும் பிடித்த மழை விடவே இல்லை. வேலாயி ஒரு ஒழுங்கு வகுத்துக்கொண்டாள். ஆறு மணிக்கு மேல் யாரும் பின்சுவர்ப் பக்கம் போகக்கூடாது. ஒழுகுகிற தகரத்தைத் தள்ளிச் சரிசெய்வதோ, கீழே வாளி வைப்பதோ, எதுவானாலும் ஆறுக்கு முன்னால். கரண்டு இல்லாத நேரத்தில் கம்பி வெறும் கம்பிதானே. ஆண்டியப்பன் அதைத் தவறாமல் பின்பற்றினான். பேக்டரியிலிருந்து கிளம்பும்போதே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வருவான்.

ஒரு நாள் நாலரை மணிக்கே மலையெல்லாம் மிஸ்டுப் பனி மூடி இருட்டிவிட்டது. ஐந்தரைக்கு ஆண்டியப்பன் நனைந்துபோய் வந்தான். தகரம் விலகித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் அரை மணி கெடக்கு. ரெண்டு நிமிசத்துல முடிச்சுடறேன்" என்று சொல்லிக்கொண்டே ஈரத் தரையில் பெட்டியைப் போட்டு ஏறினான். இரண்டு கையாலும் தகரத்தைப் பிடித்து ஓட்டைப் பக்கம் இழுத்தான்.

அதே நேரத்தில் பேக்டரிக்குள் டீமேக்கர், இந்த இருட்டில் லயத்துப் பிள்ளைகள் பயப்படுமே என்று இரக்கப்பட்டு, அரை மணி நேரம் முன்னதாகவே சுவிட்சைப் போட்டார்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. வேலாயி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். ஆண்டியப்பன் கத்தவில்லை. தகரத்தை விடவும் இல்லை.

தோட்டம் சவப்பெட்டிக்குப் பலகை கொடுத்தது. டீமேக்கர் சாவு வீட்டுக்கு வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். உண்மையிலேயே அழுதார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் காரியம் முடிந்த மூன்றாம் நாள் பாஸ் ஏணியோடு வந்தான். ஆபத்து என்று துரை உத்தரவு போட்டுவிட்டாராம். புதுக் கம்பி போடவில்லை, இருந்த கம்பியைப் பன்னிரண்டு காம்பராவிலிருந்தும் உருவிச் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் பேக்டரி லயத்திலும் மண்ணெண்ணெய் விளக்கு ஏறியது. "இவ கொழும்புக்கு எழுதப் போயி எங்க லைட்டும் போச்சு" என்று பேச்சியம்மா வாய்விட்டே சொன்னாள். வேலாயி விளக்குத் திரியை இறக்கிவிட்டு மகளுக்குச் சோறு போட்டாள். தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டோம் என்று அவள் நம்பியிருந்தாள். வேறு யாரும் குற்றம் சொல்ல அவளிடம் இடம் மிச்சமில்லை.

ஆவணியில் இரண்டாவது மனுவுக்கும் அதிகாரி வந்தார், அதே அதிகாரி. இந்தத் தடவை வேலாயியையும் சின்னராசாவையும் லயத்திலேயே இருக்கச் சொன்னார்கள். வழக்கம்போல வெள்ளையும் அடித்தாயிற்று. வேலாயி தொடமாட்டேன் என்று சொன்னதால் அவள் மலைக்குப் போயிருந்த நேரத்தில் தோட்டமே ஆள் விட்டு அடித்தது. தகரத்து ஓட்டையை ஒட்டுப் போட்டு அடைத்திருந்தார்கள்.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், அமைதியான மனுஷர். குனிந்து உள்ளே வந்தார்.

"அம்மா, அண்டைக்கு நான் இந்தச் சுவரைப் பார்த்தனான். ஒண்டும் தெரியேல்லை" என்றார். குரலில் ஒரு சங்கடம் இருந்தது. "எரிஞ்ச இடம் எது எண்டு நீங்களே காட்டுங்கோ. காட்டினால் நான் எழுதலாம், தோட்டத்தைக் கேள்வி கேக்கலாம். கம்பியையும் கழட்டிப்போட்டினம். வேறை ஆதாரம் இல்லை."

"காட்டு தங்கச்சி" என்றார் சின்னராசா.

வேலாயி சுவருக்குப் பக்கத்தில் போனாள். சுரண்டுவதற்குக் கையில் அரிவாள்மணையை வைத்திருந்தாள். இந்த இடம் என்று நினைத்துச் சுரண்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது, அதற்குப் பின்னால் புதுச் சாந்துதான் இருந்தது. கொஞ்சம் தள்ளிச் சுரண்டினாள். அங்கேயும் சாந்து. பழைய சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு, மேலிருந்து கீழ்வரைக்கும் புதிதாகப் பூசி, அதற்கு மேல் வெள்ளையடித்திருந்தார்கள்.

வாசலில் நின்ற டீமேக்கர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவசரப்படுத்தவில்லை. வேலாயி அரிவாள்மணையைக் கீழே வைத்துவிட்டு, சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரைக்கும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். கையெல்லாம் வெள்ளையானது.

"இங்கதாங்க இருந்துச்சு" என்றாள். "இங்கதாங்க."