கலிமா விரல்

பக்கவாதம் வந்து விழுந்த மனிதரை மரக்கட்டை என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் பெண்டாட்டி நான் ஒருத்தி இருக்கிறேன், என்னைக் கேட்காமல் என்ன முடிவு?

பர்மாவில் அந்தப் பெரும் புயல் அடித்த மறு வருஷம் அது. அவருக்குப் பேச்சு போய்விட்டது, கண்ணும் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. "உ அமீர் அலிக்கு இனி எதுவும் புரியாது" என்று, பேருக்கு முன்னால் மரியாதைக்கு 'உ' போட்டு, டாக்டர் சயா பர்மியில் சொல்லிவிட்டுப் போனார். நான் நம்பவில்லை. தொழுகை இருப்பில், அல்லாஹ் ஒருவனே என்று சாட்சி சொல்லும் இடத்தில் கலிமா விரலை, அதாவது ஆள்காட்டி விரலை, உயர்த்துவோம் இல்லையா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை நான் சத்தமாக ஓதினால், அந்த இடம் வரும்போது அவருடைய வலது கலிமா விரல் எழும்பப் பார்க்கும்.

மகன் பாசிலிடம் சொன்னேன்.

"அது உங்க ஆசை உம்மா. வாப்பாவைப் பின் அறைக்கு மாத்திட்டு, பார்த்துக்க ஒரு ஆள் போட்டுடலாம். அவருக்கு எந்த அறையா இருந்தா என்ன?"

அவர் தலைமாட்டில் நின்றுகொண்டே சொன்னான்.

மகள் ஷிரின் தன்லியின் என்கிற ஊருக்கு ஆற்றுப் பாலம் தாண்டிப் போய் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவள். மறுநாள் கல்லூரியிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். ரிப்பன் மாதிரி வளைந்தது.

"இது துளி வளைஞ்சாலும் மீட்டர்ல முள் நகரும் உம்மா. நம்ம கண்ணுக்குத் தப்புறது இதுக்குத் தப்பாது."

அதை அவர் விரல்மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, கம்பிகளை மீட்டரில் மாட்டினாள். வழக்கம்போல மின்சாரம் இல்லை. மீட்டருக்கு பேட்டரி போதும் என்றாள்.

நான் ஓதினேன். சாட்சி சொல்லும் இடத்தில் முள் நகர்ந்தது.

"யா அல்லாஹ்!" என்று கத்திவிட்டேன்.

"நரம்பு துடிக்குது, அவ்வளவுதான்" என்றான் பாசில். இவனைப் பெற்றேனே!

ஷிரின் அவர் காதருகே குனிந்தாள். "வாப்பா, நான் கேக்குறது சரின்னா விரலைத் தூக்குங்க. தப்புன்னா சும்மா இருங்க. உங்க மகன் பேரு நசீரா?"

முள் அசையவில்லை.

"பாசிலா?"

முள் எழும்பி இறங்கியது.

பாசில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்போ நான் பேசினதெல்லாம்..." என்றான். ஷிரின் அழுதாள். எனக்கோ சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. என் மனுஷர் இருக்கிறார், உள்ளே இருக்கிறார்! இத்தனை மாதம் கழித்து அவரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல், நெற்றியைத் தடவிக்கொண்டே வாயில் வந்ததைக் கேட்டேன்.

"என்னங்க, எங்கயாச்சும் வலிக்குதா?"

முள் எழும்பியது.

ஷிரின் என்னைப் பார்த்தாள். நான் அவர் காதருகே குனிந்தேன்.

"விழுந்த நாள்லேருந்தா?"

முள் எழும்பியது. இந்த முறை அது இறங்கவில்லை.