கமீலா மாமி நடு ரோட்டால போன பின்னேரம்

பழைய பசார் தெருவின் இரண்டு பக்கமும் வளைவுத் தூண் வைத்த விறாந்தைகள் ஓடுகின்றன. வெயிலுக்கும் மழைக்கும் சனம் ஒதுங்கி நடக்கட்டும் என்று அந்தக் காலத்தில் கட்டியது. இப்போது அங்கே மோட்டார் சைக்கிள்தான் ஒதுங்குகிறது. பொம்புளைகள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு லொறிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து போகிறார்கள்.

அந்த விறாந்தைகளை இடித்து ரோட்டை அகலமாக்கக் கேட்பதென்று வர்த்தகர் சங்கம் அன்றைக்குத் தீர்மானம் எடுக்கப்போகிறது. கேள்விப்பட்ட பஸ்மிலா அழைக்காமலே சங்கத்தின் மேல்மாடிக் கூட்டத்துக்கு வந்து முன் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். நகரத் திட்டமிடல் படித்தவள். அவள் குடும்பத்தில் கெம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள்.

"விறாந்தையில கை வைக்க வேணாம். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு தெருவில வாகனம் வேணாம், அவ்வளவுதான். மூலையில பழைய நெல் ஸ்டோர் வளவு சும்மா கிடக்கு. அங்க நிப்பாட்டிட்டுச் சனம் நடந்து வரட்டும்."

சங்கத் தலைவர் அஹ்ஸன் ஹாஜியார் சிரித்தார். தெருவின் பெரிய புடவைக் கடை அவருடையது. "புள்ள, நம்மட ஆக்கள் பைக்கில இருந்துக்கிட்டே சாரன விரிச்சுப் பாக்கிறவங்க. நடக்கச் சொன்னா காத்தான்குடிக் கடைகளுக்குப் போயிருவாங்க."

"காத்தான்குடி வரைக்கும் ஓடுறவங்க நாலு கடை நடக்கமாட்டாங்களா?"

பின்னால் ஒரு குரல்: "உன்ட வாப்பா நூஹு இதே தெருவில ஆட்டோ ஓடித்தானே உன்னப் படிப்பிச்ச? அவரையுமா கிளப்பப் போறாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"ஓம், அவரையும்தான். முந்தநாள் வீட்டில சொல்லிட்டேன். அதுக்குப் பிறகு வாப்பா என்னோட கதைக்கிறல்ல. நீங்களும் கதைக்காட்டி எனக்குப் பெரிய நட்டமில்ல."

அதற்குள் கீழே கலிமாச் சத்தம் கேட்டது. காலையில் இறந்துபோன கமீலா மாமியின் ஜனாஸா வருகிறது. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் இறங்கி ஓடினார்கள். பஸ்மிலா மேல்மாடி ஜன்னலில் நின்றாள்.

யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. கடைக் கதவுகள் பாதி இறங்கின. லொறி பின்னால் போனது. மோட்டார் சைக்கிள்களை ஆளுக்கு ஒன்றாகத் தள்ளிக்கொண்டுபோய் நெல் ஸ்டோர் வளவில் விட்டார்கள். வாப்பாவின் ஆட்டோதான் முதலில் போனது. சந்தூக்குப் பெட்டி தோள் மாறி மாறி வந்தபோது தெரு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் வெறிச்சென்று கிடந்தது. வளைவுகள் பள்ளிவாசல் வரைக்கும் வரிசையாகத் தெரிந்தன. பிறந்த ஊர்த் தெருவை அவள் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மையித்தை அடக்கிவிட்டு ஆம்புளைகள் திரும்பியபோது தெருவில் பொம்புளைகள் நின்றார்கள். பெருநாள் சாமான் வாங்க வந்தவர்கள் நடு ரோட்டில் ஆறுதலாக நடந்துகொண்டிருந்தார்கள். ஹாஜியாரின் கடைக்குள் பாதிக் கதவுக்குக் கீழே குனிந்து நுழைந்துகொண்டிருந்தார்கள்.

வளவுக்குள் மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கின. பஸ்மிலா போய் வாசலை மறித்து நின்றாள்.

"தள்ளு புள்ள!"

"தள்ளமாட்டேன். ஹாஜியார், கமீலா மாமி எத்தின வருஷம் உங்கட கடைக்கு நடந்து வந்த மனிசி? ஒரு நாளாவது நடு ரோட்டால வந்திருக்காவா? இண்டைக்குத்தான் போனா. அதுவும் நீங்க தூக்கிக்கிட்டு. மையித்துக்கு விட்ட பாதைய உசிரோட இருக்கிறவங்களுக்கு விடேலாதா?"

எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஹாஜியார் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். சந்தூக்குத் தூக்கிய தோள் இன்னும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தெருவைப் பார்த்தார். தன் கடை வாசலைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளை நிறுத்தித் திறப்பைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"பெருநாள் முடியுமட்டும் பாப்பம். அதுவரைக்கும் இடிக்கிற கதை இல்ல."

"பெருநாள் முடிய நீங்களே இப்பிடியே இருக்கட்டும் எண்டு சொல்லுவீங்க."

"உன்ட மகளுக்கு வாய் கூடிப் போச்சு, நூஹு!" என்று சொல்லிவிட்டுக் கடையை நோக்கி நடந்தார். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள், நடந்துதான்.

நூஹு ஆட்டோவுக்குள் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மகளின் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கையிலும் பைகளோடு தெருவிலிருந்து நடந்து வந்த ஒரு பொம்புளை அவரிடம் கேட்டாள்: "மருதமுனைக்கு வருவீங்களா காக்கா?" அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் பைகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.

நூஹு ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினார். வாசலில் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பஸ்மிலாவைப் பார்த்து ஹோன் அடித்தார்.

"தள்ளி நில்லு புள்ள. பாதைய மறிச்சிக்கிட்டு நிக்கிறாய்."