உழாத நிலத்துக்கு வந்த நான்கு டிராக்டர்கள்

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது என்று தொடங்கினால் பெரிய மனிதத் தோரணை வந்துவிடுகிறது. உள்ளதைச் சொல்கிறேன்: பதினொரு வருடமாக என்னால் இதை முடிக்க முடியவில்லை. இராக்கில், மொசூலுக்கு மேற்கே, வானத்தை நம்பிக் கோதுமை போடும் ஊர்களில், "உழாதீர்கள்" என்று சொல்லிச் சம்பளம் வாங்கிய விவசாய இன்ஜினியர் நான். அறுத்த பயிரின் தாளை அப்படியே விடுங்கள், அதன் நடுவே விதையுங்கள், ஈரம் தங்கும். துண்டுப் பிரசுரமும் நான் எழுதியதுதான். அதில் பிழை ஒன்றும் இல்லை, அல்லா மேல் ஆணை.

2

முதல் வரி, முதல் முயற்சி: "பொன்னிறத் தாள்களுக்கிடையே விவசாயி ஷல்லால் தொலைநோக்கோடு..." (சீ! அவனுக்கு ஏது தொலைநோக்கு? உழ டீசல் இல்லை, அவ்வளவுதான்.)

இரண்டாம் முயற்சி. வீட்டிலிருந்த விதைக் கோதுமை முழுவதையும் என் பேச்சைக் கேட்டு, மழைக்கு முன்பே, உழாத நிலத்தில் விதைத்தான் ஷல்லால்.

"ஊரு என்ன சொல்லும் இன்ஜினியரே? சோம்பேறிம்பாங்க."

"பச்சை தெரியறவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, அபூ நாயிஃப். அப்புறம் அவங்களே வாயடைச்சுப் போவாங்க." [அபூ நாயிஃப், அதாவது நாயிஃபின் அப்பா: ஷல்லாலை மகன் பெயரால் அழைப்பது மரியாதை.]

இந்த வசனத்தை வேறு யார் வாயிலாவது வைக்க எவ்வளவோ முயன்றேன். சொன்னது நான்தான்.

3

கேள்விக்குப் பயந்து ஷல்லால், ஊர் ஆண்கள் கூடும் காப்பிச் சபைக்குப் போவதை நிறுத்தினான். முதல் மழை பெய்தது. எல்லோரும் உழுதார்கள். அவன் நிலம் மட்டும் அப்படியே கிடந்தது, ஆளையும் காணோம். ஊர் முடிவு கட்டியது: பாவம், படுத்த படுக்கை.

[படுத்தவன் நிலத்தை ஊரே கூடி உழுதுகொடுப்பது எங்கள் வழக்கம். கூப்பிட வேண்டியதில்லை. தடுத்தால் கேவலம்.]

நான் போனபோது வயலில் நான்கு டிராக்டர்கள். பாதி நிலம், முளைவிட்ட விதையோடு, புரண்டு கிடந்தது. ஷல்லாலின் சித்தப்பா மகன் அவ்வாத்தும் மற்றவர்களும் தேநீருக்காக அப்போதுதான் இறங்கியிருந்தார்கள்.

உள்ளே ஷல்லால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முனகினான். (நம்பும்படி இல்லை என்கிறார் இதைப் படித்த நண்பர். நான் என்ன செய்ய, முனகினானே!)

"எந்திரிங்க, சொல்லிடலாம்."

"என்னன்னு? நான் கல்லு மாதிரி இருக்கேன், நீங்க என் பயிரைக் கொன்னுட்டீங்கன்னா? தன் வேலையை விட்டுட்டு வந்திருக்கான் அவ்வாத். சொன்னா அவன் செத்துருவான்."

தேநீர்த் தட்டோடு ஷல்லாலின் மனைவி வந்தாள்.

"இவரு மானத்தைப் போர்த்திக்கிட்டுப் படுத்திருக்காரு. வேற விதையும் இல்ல. பிள்ளைங்களுக்கு உங்க காகிதத்துலயா ரொட்டி சுட?"

வெளியே அவ்வாத் குரல்: "கவலைப்படாதேடா! ஒரு மணி நேரத்துல மீதியையும் முடிச்சிடறோம்!"

4

முடிவு அ: நான் வெளியே போய் உண்மையைச் சொல்கிறேன். அவ்வாத் அழுகிறான், பாதி நிலம் பிழைக்கிறது. (என்னை நாயகனாக்குகிறது. கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: வசந்தத்தில், உழாத பாதி மட்டும் பச்சைப்பசேலென்று... (உழாத பாதி என்று ஒன்று மிஞ்சியிருந்தால்தானே.)

முடிவு இ: அன்று அறிக்கையில் நான் எழுதியது, "மக்கள் பங்கேற்பு: மிகச் சிறப்பு." அச்சேறிய முடிவு இது ஒன்றுதான்.

எனக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. அதனால் உங்களை அந்த வாசலில் நிறுத்திவிட்டு நகர்ந்துகொள்கிறேன். உள்ளே முனகல் கேட்கிறது. அவள் உங்களையே பார்க்கிறாள். அவ்வாத், தேநீர் போதும் என்று கரண்டியைக் கோப்பைக்குக் குறுக்கே வைத்துவிட்டு, டிராக்டரில் ஏறுகிறான்.

வாயைத் திறப்பீர்களா?