அப்பாவுக்குப் பிடித்த நாலாம் பக்கம்

இண்டூரில் வாடகைக்கு ரேடியோ செட் வைத்திருப்பவன் நான். கல்யாணமோ காதுகுத்தோ, குழாய் ஸ்பீக்கரைக் கட்டியதும் அந்தப் பழைய படத்தின் கதை வசனத்தைப் போட்டாக வேண்டும். புருஷன் அடித்ததால் பெட்டியோடு தாய்வீடு போகிறவளின் கதை. ரெண்டு இசைத்தட்டு, நாலு பக்கம். படம் வந்தபோது பிறக்காதவர்களுக்கும் வசனம் தலைகீழ்ப் பாடம்.

ஆனால் முழுசாக எவனும் கேட்கமாட்டான். டீக்கடை அன்வர் பாஷாவுக்குச் சண்டை வரும் முதல் பக்கம் போதும். என் தங்கை தங்கம்மாளுக்குக் கேசட்டில் பதிந்து கொடுத்தேன். கதாநாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டும் இடத்தில் டேப் தீர்ந்துவிட்டது. மிச்சத்தை வேறு கேசட்டில் பதிகிறேன் என்றதற்கு, இதுவே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். எங்கள் அப்பா சென்னப்பனுக்கு நாலாம் பக்கம் மட்டும்தான். அதில் அவள் திரும்பி வந்து புருஷன் காலில் விழுவாள். அப்பா ஒவ்வொரு முறையும் துண்டால் கண்ணைத் துடைப்பார். அம்மா செத்தபோதுகூட அவ்வளவு அழவில்லை.

எண்பத்தி நாலில் தங்கம்மாள் பொம்மிடியிலிருந்து உதடு வீங்கி வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் மாதுவின் கைவரிசை. எனக்கு அவன்மேல் ஆத்திரம். அப்பாவுக்கோ ஊர் என்ன பேசும் என்பதுதான் கவலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாது அவளை அழைத்துப் போக வந்தான். அப்பாவுக்கு வாயால் புத்தி சொல்ல வராது. என்னைக் கூப்பிட்டு நாலாம் பக்கத்தைப் போடச் சொன்னார். பஞ்சாயத்துப் பேச வேண்டிய இடத்தில் தட்டுப் போட்ட குடும்பம் தர்மபுரி ஜில்லாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

போட்டேன். படத்தில் அவள் காலில் விழுந்தாள். அப்பா கண்ணைத் துடைத்தார். மாதுவும் துடைத்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்படி அப்பா தங்கம்மாளிடம் சொன்னார்.

அவள் கதவோரத்திலிருந்து நகரவில்லை.

"அவ சும்மா திரும்பி வரலீங்கப்பா. மூணாம் பக்கத்துல அவ புருஷன் மாமனார் வூட்டு வாசல்ல நின்னு அழுது மன்னிப்புக் கேக்கறான். இவரு வந்து ரெண்டு காபிதான் குடிச்சாரு. அண்ணா, அந்தப் பக்கத்தப் போடு."

ஆம்பளை அழுவதைக் கேட்கச் சகிக்காது என்று அப்பா வீட்டில் அந்தப் பக்கத்தைப் போடவே விட்டதில்லை. அன்றைக்கு அவர் வாயைத் திறப்பதற்குள் தட்டைத் திருப்பி முள்ளை வைத்துவிட்டேன். சந்தோஷமாகத்தான் வைத்தேன்.

படத்துப் புருஷன் அழுதான். மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டான். அடித்த கையைச் சுவரில் மோதிக்கொண்டான். மாது தரையைப் பார்த்தான், அப்புறம் வாட்சைப் பார்த்தான். படத்துப் புருஷன் இன்னும் அழுதுகொண்டிருக்கும்போதே இவன் எழுந்தான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க மாமா."

தங்கம்மாள் வருகிறாளா என்று கேட்கவில்லை. போய்விட்டான். தட்டை நிறுத்தப் போனேன்.

"இருடா, ஓடட்டும்" என்றார் அப்பா.

அந்தப் பக்கத்தை அவர் முதல்முறையாக முழுசாகக் கேட்டார். முடிந்ததும், நாலாம் பக்கத்தைத் திரும்பப் போடட்டுமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றார்.