பட்டியலில் இல்லாதவள்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கம்பெனியில் 'ஞாயிறு' என்று பட்டப்பெயர். வேலையில் சேர்ந்த முதல் நாளே மேலாளரிடம், "வாரத்துல ஆறு நாள் எந்த நேரம் கூப்பிட்டாலும் வர்றேன் சார். ஞாயித்துக்கிழமை மட்டும் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டவர் அவர். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் மட்டும் ஓடுவார். குழியில் விழுந்த மாட்டை ஓய்வுநாளிலும் தூக்கலாம் என்று வேதாகமத்திலேயே இருக்கிறதே என்பார். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை அவருடைய கருவிப்பெட்டி கட்டிலுக்கு அடியில் தூங்கும்.

இந்தப் பெயரை அவர் சும்மா ஒன்றும் வாங்கவில்லை. எட்டு வருஷம் கழித்து மேற்பார்வையாளர் பதவி காலியானபோது, அது அவரைத் தாண்டி அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. அன்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பிறகு, "போகட்டும் விடுங்க. நீங்க சொன்ன சொல்லுல நின்னீங்க, அது போதும்" என்றாள். அவருக்குப் பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

மனைவிக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் விரிப்புகளை ஒரு முனையை இவளும் மறு முனையை இன்னொருத்தியும் பிடித்து உதறி, மடித்து, அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடியே வேலை. திங்கள் முதல் சனி வரை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களை ஈரத் தரையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்பாள். அதுதான் அவளுடைய இளைப்பாறுதல். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான்கைந்து பேரையாவது சாப்பாட்டுக்கு அழைத்து வருவது மெக்கானிக்கின் வழக்கம். அதில் நிரந்தர விருந்தாளி, மனைவியை இழந்து தனியாக இருந்த ஒரு பெரியவர். எல்லாரும் அவரை 'ஹார்மோனியம்' என்பார்கள். அவர் எந்த வாத்தியமும் வாசிப்பவர் அல்ல. இரண்டு படி ஏறினால் மூச்சு அப்படி இழுக்கும், அவ்வளவுதான். "உங்க வீட்டுச் சாப்பாட்டுக்காகவே வாரம் பூராவும் உசுரைப் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்று அவர் சொல்லும்போது மெக்கானிக்குக்கு மனம் குளிர்ந்துபோகும். ஓய்வுநாளைக் கைக்கொள்வதும், அந்நியரை உபசரிப்பதும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அந்த வருஷம் ஆலயத்தில் பெரியவர்களுக்கான ஞாயிறு வகுப்பில் பத்துக் கட்டளைகளை எடுத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு கட்டளை, வாரத்துக்கு ஒருவர். போதகர் மெக்கானிக்கைத் தனியே கூப்பிட்டு, "ஓய்வுநாள் கட்டளைக்கு உங்களை விட்டா வேற ஆள் யாரு? படிச்சுட்டு வந்து பேசறதைவிட, வாழ்ந்து காட்டினவர் பேசினா எடுபடும்" என்றார். மெக்கானிக் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே புது நோட்டு ஒன்றை வாங்கிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். சமையலறையில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய மசாலாவை வியாழனே வதக்கி அரைத்து வைத்துவிடுவாள். இல்லாவிட்டால் அன்றைக்கு நேரம் போதாது.

கட்டளையை இந்தக் காலத்துக்குப் பொருத்திச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய திட்டம். அந்த நாளில் யார் யார் வேலை செய்யக்கூடாது என்று அதில் ஒரு வரிசையே இருக்கிறது. அதை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, எதிரே தன் வீட்டு நிலவரத்தை எழுதிக்கொண்டே வந்தார். நீ: கருவியைத் தொடுவதில்லை. மகன்: கிடையாது. மகள்: விடுதியில் அன்றைக்கு வகுப்பு இல்லை. வேலைக்காரன்: தன்னோடு வேலை செய்யும் உதவியாளுக்கும் அன்று விடுமுறை வாங்கிக் கொடுத்திருக்கிறார். வேலைக்காரி: வைக்கவில்லை. மாடு, கழுதை: பைக் என்று வைத்துக்கொள்ளலாம், ஆலயத்துக்கு நடந்துதான் போகிறார்கள். வாசலுக்குள் இருக்கும் அந்நியன்: ஹார்மோனியம். சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் குறட்டை விடுகிறார்.

எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு டிக் போட்டார். அப்புறம் பேனாவை மூடப் போனவர் மூடவில்லை.

மனைவி எங்கே?

மறுபடி வேதாகமத்தை எடுத்து விரல் வைத்து வாசித்தார். மகன் இருக்கிறான், மகள் இருக்கிறாள், கழுதைகூட இருக்கிறது. மனைவி இல்லை. சமையலறையில் கத்தி ஒரே சீராகப் பலகையில் விழுந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே போதகர் வீட்டுக்குப் போனார். நோட்டை விரித்துக் காட்டி, "ஐயா, இதுல மனைவி மட்டும் விட்டுப்போச்சே. அவங்க வேலை செய்யலாம்னு அர்த்தமா?" என்று கேட்டார்.

போதகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "நானும் ஒரு காலத்துல யோசிச்சிருக்கேன். எனக்குப் புரிஞ்ச வரைக்கும், முதல்ல 'நீ'ன்னு சொல்றார் பாருங்க, அதுக்குள்ளயே அவங்களும் அடக்கம். ரெண்டு பேரும் ஒண்ணுதானே. அதான் தனியாச் சொல்லலை."

"அப்படின்னா..." என்று இழுத்தார் மெக்கானிக். "அவ வேலை செஞ்சா, நான் வேலை செஞ்ச கணக்குதானே?"

போதகர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே அவருடைய மனைவி மாவு சலிக்கும் சத்தம் கேட்டது. போதகர் வாயை மூடிக்கொண்டார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "இதை நான் இவ்வளவு தூரம் யோசிச்சதில்லை" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம், மனைவி கோழியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, மெக்கானிக் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, நாளைக்கு நீ சமைக்க வேண்டாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஏன், யாருக்காவது உடம்பு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல. நாளைக்கு ஓய்வுநாள். நீயும் ஓய்வா இருக்கணும்."

"இத்தனை வருஷம் இல்லாத ஓய்வு இப்ப எங்கேருந்து வந்துச்சு?" கோழியைப் பாத்திரத்தில் வைத்தாள். "போன வாரம் உப்பு கூடிப்போச்சே, அதுக்கா?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு." அவர் நோட்டைக் கொண்டு வந்து காட்டினார். டிக் போட்ட வரிசையைக் காட்டினார். போதகர் சொன்னதைச் சொன்னார். கண்டுபிடித்ததைச் சொல்லும் ஆர்வத்தில் குரல் உயர்ந்துகொண்டே போனது. அவள் ஈரக் கையோடு முழுக்கக் கேட்டாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லா இருக்கு. நாளைக்கு வகுப்புல எழுந்து சொல்லுங்க. எல்லாரும் ஆஹான்னு சொல்வாங்க. உங்க கட்டளைக்கு உதாரணம் காட்ட நான்தான் கிடைச்சேன்."

"ஐயோ, அப்படி இல்லம்மா..."

"வேற எப்படி? பதினாலு வருஷமா இந்த அடுப்பு ஞாயித்துக்கிழமை எரிஞ்சதே, அப்ப கண்ணுக்குத் தெரியலை. நோட்டுல எழுதினதும் தெரியுது."

அவர் நோட்டை மூடினார். கூடத்துக்குப் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்தார். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் அவரை வாட்டியது. பதவி கைநழுவிப் போன அன்றைக்கு இந்த வீட்டில் அவரைத் தாங்கிப் பிடித்தவள் அவள். அந்த வாரமும் எழுந்து ஐந்து பேருக்குச் சமைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சமையலறைக்குப் போனார். இந்தத் தடவை நோட்டை எடுத்துப் போகவில்லை.

"வகுப்பு கிடக்கட்டும். உனக்கு என்ன வேணும்னு நான் கேட்டதே இல்ல. நாளைக்கு உனக்கு என்ன வேணும்?"

 அவள் கோழியை மூடி ஐஸ்பெட்டியில் வைத்தாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"முதல் பாட்டு கேக்கணும்" என்றாள்.

"எந்தப் பாட்டு?"

"ஆராதனையில பாடற முதல் பாட்டுங்க. நான் அடுப்பை அணைச்சுட்டு, பாத்திரத்தை இறக்கி வெச்சுட்டு, புடவை மாத்திட்டு ஓடி வர்றதுக்குள்ள அது முடிஞ்சிடும். ஜெபத்துல எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது உள்ள வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துக்குவேன். வெளியில வாசல்கிட்ட வரும்போது கடைசி அடி மட்டும் காதுல விழும்."

மெக்கானிக் வேதபாடம் வாசிப்பவர். அதற்காக மணி அடிப்பதற்கு முன்பே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவார். திரும்பிப் பார்க்கும் பழக்கம் இல்லை. பதினாலு வருஷமும் அவள் பின்னால் எங்கோ இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.   அவளுடைய கையிலிருந்த துண்டை வாங்கி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். கதவைப் பூட்டிய பிறகு இரண்டு தடவை திரும்பிப் போய், அடுப்பை அணைத்தோமா என்று பார்த்துவிட்டு வந்தாள். ஏற்றவே ஏற்றாத அடுப்பு அது. தெரு முனையில் அவர் கேட்டார்: "வகுப்புல உன்னைப் பத்திச் சொல்லட்டுமா, வேண்டாமா?"

"என்னைப் பத்திச் சொல்லாதீங்க. உங்களைப் பத்தி எது வேணா சொல்லுங்க."

ஆலயத்தில் அவர் முதல் வரிசைக்குப் போகாமல் மூன்றாவது வரிசையில் அவளோடு உட்கார்ந்தார். முதல் பாட்டு தொடங்கியபோது அவள் பாடவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள். இரண்டாவது சரணத்தில்தான் மெல்லச் சேர்ந்துகொண்டாள். மெக்கானிக்குக்குச் சுருதி சேராது என்பது ஊரறிந்த விஷயம். அன்று அவர் வாயசைப்போடு நிறுத்திக்கொண்டார்.

ஆராதனை முடிந்து, வகுப்பில் எழுந்து நின்று நோட்டைத் திறந்தார். நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். மூடிவிட்டார்.

"ஓய்வுநாள் கட்டளையை நான் பதினாலு வருஷமாக் கைக்கொண்டு வர்றேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். போன வியாழக்கிழமைதான் தெரிஞ்சுது, ஒரு வாரம்கூட நான் அதைக் கைக்கொண்டதில்ல. எப்படின்னு என் வீட்டுக்குள்ள போய்ப் பார்த்தேன். நீங்க உங்க வீட்டுக்குள்ள பாருங்க. எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியுது."

உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் சிலர் இவ்வளவுதானா என்பதுபோலப் பார்த்தார்கள். பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியின் முழங்கையை இடித்தாள். போதகரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். போதகர் மட்டும் அவள் பக்கம் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் ஹார்மோனியம் வழக்கம்போல அருகில் வந்து சேர்ந்தார். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "இன்னிக்கு வீட்டுல சமையல் இல்லங்க."

"அதனால என்ன? நான் சாப்பாட்டுக்கா வர்றேன்?" என்றார் பெரியவர். பத்தடி நடந்த பிறகு மூச்சு வாங்க நின்று, "சாப்பாட்டுக்குந்தான் வர்றேன். அதுக்காக உங்களைப் பட்டினி போடவா முடியும்? அந்த முனைக் கடையில ரொட்டியும் பழமும் வாங்கிக்கலாம்" என்றார்.

அன்றைய விருந்து ரொட்டி, வாழைப்பழம், மெக்கானிக் வேகவைத்த முட்டை. இரண்டு முட்டை வெடித்துவிட்டன. ஒன்று வேகவே இல்லை. அது பெரியவருக்குப் போய்ச் சேர்ந்தது, அவர் ஒன்றும் சொல்லாமல் மிளகுத் தூளைக் கேட்டு வாங்கி விழுங்கினார். மனைவி மூன்று தடவை எழுந்திருக்கப் பார்த்தாள். மூன்று தடவையும் மெக்கானிக், "உக்காரு" என்றார். மூன்றாவது தடவை பெரியவரும் சேர்ந்து சொன்னார். அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. மேஜை மேலிருந்த துணியை எடுத்து நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பெரியவர் சீக்கிரமே கிளம்பினார். வாசலில் நின்று, "என் வீட்டுக்காரிக்கும் இப்படி ஒருநாள் குடுத்திருக்கலாம் தம்பி. தோணவே இல்ல" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கினார். மெக்கானிக் அவர் தெருவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது, மனைவி சாய்வு நாற்காலியில் தூங்கிப் போயிருந்தாள். மடித்த துணி மடியில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நரை இவ்வளவு ஏறியிருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். ஜன்னல் வெயில் அவளுடைய முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் திரையை இழுத்துவிட்டார்.

அப்புறம் வந்த ஞாயிறுகள் எல்லாம் இப்படியே போய்விடவில்லை. சில வாரம் அவளே ஆசைப்பட்டுச் சனிக்கிழமையே சமைத்து வைப்பாள், மறுநாள் அவர் சூடு பண்ணுவார். சில வாரம் ஹார்மோனியம் தன் வீட்டிலிருந்து எதையாவது கிண்டிக் கொண்டுவந்து எல்லாரையும் சோதிப்பார். முதல் பாட்டுக்கு மட்டும் இருவரும் தவறியதில்லை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மனைவி இன்னும் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, மகளிடமிருந்து போன் வந்தது. மெக்கானிக் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அம்மா எங்கப்பா? என்ன பண்றாங்க?"

"தூங்குறா."

 மறுமுனையில் மகளின் குரல் பதறியது. "என்னப்பா ஆச்சு? காய்ச்சலா? டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான் இருக்கா" என்றார் மெக்கானிக். "ஞாயித்துக்கிழமை இல்லையா, அதான்."