டாக்சிக்காரருக்கு ஓர் ஆறுதல்

தையல்காரியின் கணவர் டி.வி.யில் கால்பந்து பார்க்கும்போது போடுகிற கூச்சலில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கம் கலைந்து அழும். முன்பின் தெரியாத எவனோ எங்கேயோ ஒரு மைதானத்தில் கோல் போட்டால் மனிதர் சோபாவை விட்டு எழும்பிக் குதிப்பார். ஆனால் கட்டின மனைவி சனிக்கிழமை மதியம் பில்லியர்ட்ஸ் ஹாலுக்குப் போய் நாலு பேரை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டு வந்தால், "என்ன, கோலிகுண்டு ஆட்டம் முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவார். நல்ல மனிதர்தான். தேநீரும் நன்றாகத்தான் போடுவார். இருந்தாலும் அவளுக்கு மனதுக்குள் ஓர் ஆசை. தான் ஜெயிப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும், தனக்காக ஒரே ஒரு தடவை அப்படிக் கத்த வேண்டும்.

இதை வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. ஹாலில் இரண்டு அணிகள் மோதும் இறுதிப் போட்டியன்று ஒருவழியாகக் கேட்டே விட்டாள். "வர்றேனே, அதுக்கென்ன!" என்று அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இத்தனை நாள் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தோம் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வழியெல்லாம் ஆட்டத்தை விளக்கினாள். ஒருவருக்கு முழு நிறப் பந்துகள், மற்றவருக்குக் கோடு போட்டவை. தன் பந்துகளையெல்லாம் முதலில் தீர்த்துவிட்டுக் கறுப்பைப் போடுகிறவருக்கு வெற்றி. கறுப்பை மட்டும் எந்தப் பாக்கெட்டில் போடப் போகிறோம் என்று முன்னாலேயே காட்டிவிட வேண்டும், அதற்காக அந்தப் பாக்கெட் ஓரத்தில், குச்சி நுனியில் தேய்க்கிற சாக்குக் கட்டியை வைக்க வேண்டும். வேறு பாக்கெட்டில் விழுந்தால் ஆட்டம் எதிராளிக்குப் போய்விடும். அவர் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். அவர் "ம்" கொட்டினால் பாதிதான் காதில் ஏறியிருக்கும்.

ஹால் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பச்சைத் துணி விரித்த மேசைகள், தலையில் இடிக்கிற மாதிரி தாழத் தொங்கும் விளக்குகள், எல்லார் விரலிலும் நீலச் சாக்குத்தூள். அங்கே கை தட்டுகிற வழக்கம் கிடையாது. நல்ல அடி விழுந்தால் குச்சியின் அடிப்பக்கத்தால் தரையில் தட்டுவார்கள். எதிராளியே அடித்தாலும் தட்டித்தான் ஆக வேண்டும். தட்டாதவனை அல்பம் என்று ஒதுக்கி வைப்பார்கள்.

அவளுக்கு எதிராக டாக்சிக்காரர். பேச்சில் சாது, மேசையில் எமன். ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கை நன்றாக ஓடியது. அவருக்கு ஒரு பந்து மிச்சம் இருக்கும்போதே அவள் கறுப்புக்கு வந்துவிட்டாள். மூலைப் பாக்கெட்டில் சாக்கை வைத்தாள். ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

குனிந்த பிறகுதான் கவனித்தாள், மூலைக்குப் போகிற வழியில் டாக்சிக்காரரின் பந்து லேசாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. நடுப் பாக்கெட்டோ வாவென்று திறந்து கிடந்தது. துணி வெட்டும்போதும் அவளுக்கு இந்த வியாதி உண்டு. கோடு ஓர் இடத்தில் போட்டிருப்பாள், கத்தரி அதைவிட நல்ல வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு போய்விடும். இப்போதும் கண் சொன்னதைக் கை கேட்டுவிட்டது. கறுப்புப் பந்து பக்கச் சுவரில் மோதி, திரும்பி, மேசையைக் குறுக்கே கடந்து, நடுப் பாக்கெட்டில் போய் விழுந்தது. அவள் வாழ்நாளிலேயே அப்படி ஓர் அடி அடித்ததில்லை.

சாக்குக் கட்டி மூலையிலேயே இருந்தது. அவளுடைய அணித் தலைவரான முடிதிருத்துபவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போட்டுட்டா! என் பொண்டாட்டி போட்டுட்டா!"

கணவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்சிக்காரர்தான் முதலில் குச்சியைத் தரையில் தட்டினார். அப்புறம் ஹால் முழுக்கத் தட்டியது. கணவர் நேரே டாக்சிக்காரரிடம் போய்த் தோளில் கை போட்டார்.

"மனச விட்றாதீங்க தம்பி. இவகிட்ட தோக்குறதுல ஒண்ணும் கேவலம் இல்ல. நீங்களும் நல்லாத்தான் ஆடுனீங்க."

"சரிங்கண்ணே," என்றார் போட்டியை ஜெயித்த டாக்சிக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

படி இறங்கும்போது கணவர் வாய் ஓயவில்லை. அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஹாலே அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கத்தலுக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்! அதைப் பொய்யாக வாங்கி வைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

"ஏங்க, நான் தோத்துட்டேங்க."

"கறுப்புதான் உள்ள போச்சே?"

"போச்சு. ஆனா சாக்கு வச்சது மூலைல, பந்து விழுந்தது நடுவுல."

அவர் நின்றுவிட்டார். "அப்ப அந்தத் தம்பிதான்..."

"அவர்தான் ஜெயிச்சாரு."

"அவருக்கா நான் ஆறுதல் சொன்னேன்?"

"தோள்ல வேற கை போட்டீங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப எல்லாரும் தட்டுனது? என்னைய நக்கல் பண்றதுக்கா?"

"ஐயோ, இல்லங்க. அடி நல்லா இருந்தா தட்டுவாங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும்."

அவர் விறுவிறுவென்று மறுபடி மேலே ஏறினார்.

"எங்க போறீங்க?"

"மன்னிப்புக் கேக்க!"

மேலிருந்து அவர் குரல் கேட்டது. "தம்பி, நீங்கதான் ஜெயிச்சீங்களாம். தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க." ஹாலே கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அதே குரல் மறுபடி எழும்பியது, இந்தத் தடவை கீழே செருப்புக் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி. "ஆனா அந்த அடி இருக்கே, அந்த அடி! சுவத்துல மோதி, திரும்பி, மேசைய அப்படியே தாண்டிப் போய்... நீங்க எல்லாரும் பாத்தீங்கல்ல? என் பொண்டாட்டி அடிச்சது!"

தோற்றுப்போனாள் என்று தெரிந்த பிறகும் மனிதர் கத்திக்கொண்டிருந்தார். தையல்காரி படியிலேயே உட்கார்ந்து, அவசரமில்லாமல், முழுவதையும் கேட்டாள்.